விடாத வலியோடு டிரையத்லான் பயிற்சி: பிசியோவிடம் எப்போது போவது, எந்த வழியாகப் போவது?

பயிற்சியை நிறுத்தவும் விடாது, நிம்மதியாகச் செய்யவும் விடாது. அப்படி ஒரு வகை வலி இருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகால் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஓடினால் காணாமல் போகும். மறுநாள் காலை திரும்பவும் வந்து நிற்கும். நீச்சலில் கையைத் தலைக்கு மேல் வீசும்போது தோளில் சுருக்கென்று குத்தும். சைக்கிளில் ஒரு மணி நேரம் தாண்டினால் முட்டியின் முன்பக்கம் கனக்கும். சிங்கப்பூரில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்குத் தயாராகிற நம் ஆட்களிடம் பேசிப் பாருங்கள், இதில் ஒன்றாவது இல்லாதவர் அபூர்வம். கேள்வியும் ஒன்றுதான்: பிசியோவிடம், அதாவது இயன்முறை சிகிச்சையாளரிடம், இப்போதே போவதா, பந்தயம் முடியட்டுமா? போவதென்றால் அரசாங்கப் பலதுறை மருந்தகமா (பாலிகிளினிக்), தனியாரா, விளையாட்டு மருத்துவரா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதே போங்கள், பயிற்சியை முழுக்க நிறுத்தாமலே போங்கள். எந்த வழியாகப் போவது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

"பந்தயம் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்ற முடிவு குளிர்நாட்டுக்காரர்களுக்கு ஓரளவு ஒத்துவரும். அங்கே பனிக்காலம் வந்தால் பந்தயங்கள் நின்றுபோகும், உடம்புக்குத் தானாக ஓய்வு கிடைக்கும். நமக்கு அப்படி ஒரு பருவமே கிடையாது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஜனவரியிலும் ஓடலாம், ஜூலையிலும் ஓடலாம். உள்ளூர்ப் போட்டி முடிந்தால் பிந்தான், அதற்கப்புறம் லங்காவி என்று அடுத்த பெயர்ப்பதிவு எப்போதும் திறந்தே இருக்கும். ஆகவே அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. இன்னொரு சங்கடம், இந்த விளையாட்டே வலியை ஒளித்துவைக்க வசதி செய்து தருகிறது. கால் வலித்தால் நீச்சலைக் கூட்டிக்கொள்ளலாம், தோள் வலித்தால் சைக்கிளைக் கூட்டிக்கொள்ளலாம். வெறும் ஓட்டக்காரர் இரண்டாவது வாரத்திலேயே மருத்துவரைத் தேடிப் போயிருப்பார். நாம் மாதக்கணக்கில் சுற்றி வளைத்துப் போய்க்கொண்டிருப்போம்.

ஒப்பிடத் தொடங்கும் முன், இந்த ஒப்பீட்டுக்குள் வரக்கூடாத வலிகளைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். எலும்பின் மேல் விரல் நுனியால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலிக்கிறதா? ஓட ஓடக் குறையாமல் கூடுகிறதா? இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அது எலும்பில் விழும் மயிரிழை விரிசலாக இருக்கலாம். பிசியோவைத் தேடிக்கொண்டிருக்காமல் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குச் சுமை மருந்து. விரிசல் விட்ட எலும்புக்கு அதே சுமை விஷம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இதோடு சேர்ந்து வந்தால் இன்னும் கவனம் தேவை. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாதபோது எலும்பு, ஹார்மோன் எல்லாமே பாதிக்கப்படுவதை 'ரெட்-எஸ்' என்ற பெயரில் அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014இல் வரையறுத்தது. ஆண்களுக்கும் அது வரும். அப்புறம், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது: இவற்றுக்கு நேராக அவசரப் பிரிவுதான்.

சரி, மீதி வலிகளுக்கு வருவோம். முதல் வழி, எதுவும் செய்யாமல் ஓய்வெடுப்பது. நம் வீடுகளில் அம்மா முதல் அண்டைவீட்டு ஆன்ட்டி வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். வலி குறையவும் செய்யும், அதுதான் ஏமாற்று. தசைநாண் ஓய்வில் பலப்படுவதில்லை, பலவீனமாகத்தான் ஆகிறது. மூன்று வாரம் கழித்துப் பழைய வேகத்தில் ஓடினால், குறைந்துபோன பலத்தின் மேல் பழைய சுமை விழுகிறது. வலி திரும்புகிறது.

இதைப் பற்றிப் பிசியோக்கள் விரும்பிச் சொல்லும் ஒரு கதை உண்டு. ஹோகன் ஆல்ஃபிரட்சன் என்ற சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவருக்கு அக்கிலிஸ் நாணில், அதாவது குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாணில், தீராத வலி. அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறார், மேலதிகாரி மறுத்துவிட்டாராம். நாண் முழுக்கக் கெட்டால் செய்துதானே ஆக வேண்டும் என்று வேண்டுமென்றே அதன் மேல் சுமையை ஏற்ற ஆரம்பித்திருக்கிறார். கெடவில்லை, குணமாகிவிட்டது. 1998இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட வலியோடு வந்த 15 பொழுதுபோக்கு விளையாட்டாளர்கள் 12 வாரம் இந்தப் பயிற்சியைச் செய்து, 15 பேருமே பழையபடி ஓடத் திரும்பினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அதற்கப்புறம் குதிகால் நாண் வலிக்கு உலகம் முழுக்கப் பிசியோக்கள் முதலில் கையிலெடுப்பது சுமைப் பயிற்சியைத்தான்.

பயிற்சியை விடாமலே சிகிச்சை எடுக்கலாம் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் இன்னொரு சுவீடன் ஆய்வு. 2007இல் காரின் சில்பர்நாகெல் குழுவினர் அக்கிலிஸ் வலி உள்ளவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் முதல் ஆறு வாரம் ஓடவோ குதிக்கவோ கூடாது. இன்னொரு பிரிவினர் வலியை அளந்துகொண்டே தொடரலாம். இரண்டு பிரிவினரும் அதே பலப் பயிற்சியைச் செய்தார்கள், இரண்டு பிரிவினருமே நன்றாகத் தேறினார்கள். ஓடியவர்களுக்கு அதனால் கெடுதல் வரவில்லை. அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் எளிது. பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகக்கூடாது. பயிற்சி நாட்குறிப்பில் தூரத்துக்கும் வேகத்துக்கும் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வையுங்கள். பிசியோவிடம் போகும்போது எந்த ஸ்கேனைவிடவும் அது பயன்படும்.

இரண்டாவது வழி, காணொளி பார்த்து நாமே செய்துகொள்வது. செலவே இல்லை, பல காணொளிகளில் பயிற்சியும் சரியானதுதான். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், அந்தப் பயிற்சி உங்கள் வலிக்கு உரியதா என்பது காணொளிக்குத் தெரியாது. எங்கள் சனிக்கிழமைக் குழுவில் இருக்கும் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுப் புளோக்கின் மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்கும் பயிற்சியை வாரக்கணக்கில் ஒழுங்காகச் செய்தார். முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் வேறு. வலி கூடிக்கொண்டே போனது. பிசியோ கேட்டது ஒரே கேள்வி: "எந்த இடத்துல வலிக்குதுன்னு ஒரு விரலால தொட்டுக் காட்டுங்கக்கா." அக்கா தொட்டது நாணின் நடுப்பகுதியை அல்ல, நாண் குதி எலும்பில் போய் ஒட்டுகிற இடத்தை. அந்த இடத்தில் வலி இருந்தால் குதிகால் படிக்குக் கீழே இறங்கும்போது நாண் எலும்போடு அழுந்தும். "படியை விட்டுடுங்க. சமதரையில நின்னு தூக்கி இறக்குங்க, அரிசிப் பை இருக்கட்டும்." அதே பயிற்சி, அதே சுமை, மூன்று அங்குல வித்தியாசம். வலி குறைய ஆரம்பித்தது. பிசியோவுக்குக் கொடுக்கும் காசு இந்த மூன்று அங்குலத்துக்குத்தான்.

மூன்றாவது, மசாஜ். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் இடங்கள், சீன மருத்துவத் துய்னா, மலாய்க்காரர்களின் ஊருட் என்று இந்த ஊரில் இதற்குக் குறைவே இல்லை. உடம்பு லேசாகும், இரவு நன்றாகத் தூக்கம் வரும், அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மசாஜும் கெண்டைக்கால் தசையைப் பலப்படுத்தாது. கடும் பயிற்சி வாரத்தில் ஆறுதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாணையே அழுத்தித் தேய்க்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள், எரிச்சல்பட்ட நாண் இன்னும் எரிச்சல்படும்.

இப்போது மருத்துவ வழிகள். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக்கொடுக்கும் பரிந்துரையோடு பிசியோவிடம் போவது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிச்சயமாக மலிவு. பல மருந்தகங்களில் பிசியோ அதே கட்டடத்திலேயே இருக்கிறார். தேவைப்பட்டால் அங்கிருந்து அரசாங்க மருத்துவமனையின் விளையாட்டு மருத்துவப் பிரிவுக்கும் அனுப்புவார்கள். சாங்கி பொது மருத்துவமனை, டான் டோக் செங், கூ டெக் புவாட், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை எல்லாவற்றிலும் அத்தகைய பிரிவு உண்டு. இங்கே ஒரு விஷயம் முக்கியம். மருந்தகப் பரிந்துரையோடு போனால் மானியக் கட்டணம். நேராக மருத்துவமனைக்குப் போன் செய்து நிபுணரைக் கேட்டால் தனியார் நோயாளியாகப் பதிவாகி முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். வரிசையைத் தாண்ட நினைத்து இப்படிச் செய்துவிட்டுப் பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மானிய வழியின் குறை, காத்திருப்பு. முதல் சந்திப்புக்கும் காத்திருக்க வேண்டும், அடுத்தடுத்த சந்திப்புகளும் உங்கள் பந்தயத் தேதியைப் பார்த்து அமையாது. அங்கே இருக்கும் பிசியோக்கள் திறமையில் குறைந்தவர்கள் என்று நினைப்பது தவறு, சங்கடம் நேரத்தில்தான். அறுவை சிகிச்சை முடிந்த முட்டி, பக்கவாதத்தில் இருந்து தேறுபவர், விழுந்து எழுந்த முதியவர் எல்லோரும் அதே வரிசையில் இருக்கும்போது, 40 கிலோமீட்டர் சைக்கிளை முடித்துவிட்டு 10 கிலோமீட்டர் ஓட ஆசைப்படுபவரின் குதிகாலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்?

வேலை அனுமதிச் சீட்டிலோ எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ இங்கு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அவர்களுக்கு மானியம் இல்லை என்பதால் விலை வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, காத்திருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் இருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது, முதலில் கம்பெனி காப்புறுதியை எடுத்துப் பாருங்கள். சில திட்டங்கள் பிசியோவுக்குப் பணம் தரும், ஆனால் மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கேட்கும். அந்தக் கடிதம் வாங்காமல் போய்விட்டு அப்புறம் கேட்டால் கிடைக்காது.

தனியார் பிசியோவிடம் யாரும் பரிந்துரை இல்லாமல் நேராகப் போகலாம். வேலை முடிந்த பிறகு மாலையிலும், சனிக்கிழமையிலும் நேரம் கிடைக்கும். கட்டணம் ஒரு தடவைக்கு நூறு வெள்ளிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊர் நடுவே போகப் போக இன்னும் ஏறும். இங்கேதான் பலருக்குத் தயக்கம். ஆனால் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும். நமக்கு வேண்டியது வாரம் இருமுறை போய்ப் படுத்துக்கொள்ளும் சிகிச்சை இல்லை. என்ன வலி என்று சரியாகக் கண்டுபிடிக்கும் ஒரு சந்திப்பு, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சுமையைக் கூட்ட ஒன்று, பந்தயத்துக்கு முன் ஒன்று. நல்ல ஓட்டக் காலணி ஒரு ஜோடிக்கும் பந்தயக் கட்டணத்துக்கும் யோசிக்காமல் எடுத்துக்கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிதாகத் தெரியாது.

தனியாரில் ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் முழு வேலையும். சிங்கப்பூரில் பிசியோக்கள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிடலாம். அது முதல் படி. அதற்கு மேல், முதல் சந்திப்பிலேயே ஆளைப் புரிந்துகொள்ளலாம். நல்ல பிசியோ கட்டிலைக் காட்டும் முன் கேள்விகளைக் கேட்பார்: போன மாதம் வாரத்துக்கு எவ்வளவு ஓடினீர்கள், எப்போது கூட்டினீர்கள், காலணி எப்போது மாற்றினீர்கள், பந்தயம் எந்தத் தேதி? ஒற்றைக் காலில் நிற்கவைத்துக் குதிகாலைத் தூக்கச் சொல்லி இரண்டு பக்கமும் எண்ணுவார். வலிக்கும் பக்கம் பாதி எண்ணிக்கையிலேயே கால் நடுங்க ஆரம்பிப்பதை நீங்களே பார்ப்பீர்கள். அதற்கப்புறம் பயிற்சியைச் செய்யச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது. ஒற்றைக் காலில் பாதி உட்காரச் சொல்லி முட்டி உள்ளே சாய்கிறதா என்று பார்ப்பார். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பார். வெளியே வரும்போது உங்கள் கையில் எழுதிய திட்டம் இருக்கும்.

பார்த்ததும் பத்து சந்திப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னாலோ, நேரம் முழுக்க மெஷினை ஒட்டவைத்துவிட்டு ஆளே அறையில் இல்லாமல் போனாலோ, வேறு இடம் பாருங்கள். அல்ட்ராசவுண்டு மெஷினைத் தடவி எடுப்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. வலிக்கும் இடத்தில் அதிர்வலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் குதிகால் வலியில் சிலருக்கு உதவும், ஆனால் பலப் பயிற்சியோடு சேர்த்துத்தான்.

விளையாட்டு மருத்துவரிடம் முதலில் போவதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுத்துவிட்டால் தெளிவாகிவிடும் என்று நம்புகிறார்கள். எலும்பைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அது சரி. மற்ற வலிகளில் ஸ்கேன் சில நேரம் பயத்தைத்தான் கூட்டும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்தது. 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புத் தட்டில் தேய்மானம் தெரிந்தது. வலியில்லாதவர்கள் இவர்கள்! 45 வயதில் சைக்கிள் ஓட்டி முதுகு பிடித்துப்போனவர் ஸ்கேன் எடுத்து 'தேய்மானம்' என்று படித்தால் பயிற்சியையே விட்டுவிடக்கூடும். ஆகவே, எலும்பு அறிகுறிகள் இல்லையென்றால் பிசியோ முதலில். ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் மருத்துவர்.

முட்டிவலிக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு தேர்வு உண்டு, பைக் ஃபிட், அதாவது சைக்கிளின் அளவுகளை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்வது. முட்டியின் முன்பக்கம் சைக்கிளில் மட்டும் வலித்து ஓட்டத்தில் வலிக்காவிட்டால் முதலில் இருக்கையின் உயரத்தைச் சந்தேகப்படுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முட்டி 25 முதல் 35 பாகை மடிந்திருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் இன்னும் அதிகம் மடிந்து, ஒவ்வொரு மிதியிலும் முட்டிச் சில்லை அழுத்தும். ஓட்டத்திலும் வலித்தால் பிசியோதான், பைக் ஃபிட் பிறகு. ஓட்டத்தில் முட்டிக்கு உடனே ஆறுதல் தரும் ஒரு மாற்றம், வேகத்தைக் கூட்டாமல் காலடி எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டுவது. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168க்குப் போனாலே முட்டியில் விழும் சுமை குறையும். தோள்வலிக்காரர்கள் நீச்சல் பயிற்சியில் கையில் மாட்டும் கைத்துடுப்பைப் பையிலேயே வைத்துவிட்டு, பிசியோ சொல்லும்வரை நீச்சல் தூரத்தைக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

கடைசியில் முடிவைத் தீர்மானிப்பது காலண்டர்தான். பந்தயத்துக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்து, நீங்கள் குடிமகனோ நிரந்தரவாசியோ ஆனால், மருந்தகத்தில் இன்றே பதிவு செய்யுங்கள். அந்தத் தேதி வருவதற்குள் தனியாரிடம் ஒரே ஒரு முறை போய் வலியைக் கண்டுபிடித்துத் திட்டம் வாங்கிக்கொண்டு வீட்டில் ஆரம்பித்துவிடுங்கள். மருந்தகப் பிசியோவிடம் அந்தத் திட்டத்தையே நீட்டித் தொடரலாம், அவர்களுக்கும் வேலை சுலபம். பாஸில் இருப்பவர்கள் காப்புறுதி கேட்கும் பரிந்துரைக் கடிதத்தை வாங்கிக்கொண்டு தனியாரோடே முடித்துக்கொள்ளலாம். ஆறு வாரமே இருந்தால் எல்லோருக்குமே தனியார்தான். ஆனால் குணமாவதை எதிர்பார்க்காதீர்கள். நாண் பலப்பட மூன்று மாதம் பிடிக்கும். ஆறு வாரத்தில் பிசியோ செய்து தரக்கூடியது, எந்தப் பயிற்சியை வெட்டலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று பிரித்துக் காட்டுவதுதான். அதுவே பெரிய உதவி. 40 கிலோமீட்டர் சைக்கிளும் 10 கிலோமீட்டர் ஓட்டமும் வரும் ஒலிம்பிக் தூரத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் உள்ள ஸ்பிரின்ட்டுக்கு மாற்ற முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். பந்தயத்துக்கு ஒரு வாரமே இருந்தால் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், புதுப் பலப் பயிற்சி அந்த வாரத்தில் கால் உளைச்சலைத்தான் தரும்.

இரண்டு மூன்று இடத்தில் வலி இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே சந்திப்பில் கொட்டிவிடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பயிற்சி என்று பன்னிரண்டு பயிற்சியோடு வீட்டுக்கு வருவார்கள், பத்தாவது நாள் எதையும் செய்ய மாட்டார்கள். ஓடும் விதத்தையே மாற்றிவிடும் வலி எதுவோ, அதை முதலில் சொல்லுங்கள். நொண்டி ஓடினால் அடுத்த காலும் முதுகும் சேர்ந்து கெடும் என்பதால் பெரும்பாலும் அது குதிகாலாகவோ முட்டியாகவோதான் இருக்கும். தோள் அதற்கு அடுத்த சந்திப்பில்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது ஓடி ஓடித் தேய்ந்த காலணியைக் கொண்டுபோங்கள், புதிதை அல்ல. சைக்கிள் ஓட்டும்போது வலிக்கிறதென்றால் யாரையாவது பக்கவாட்டில் நின்று எடுக்கச் சொன்ன அரை நிமிடக் காணொளி, கடந்த இரண்டு மாதப் பயிற்சிக் கணக்கு, பந்தயத் தேதி. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், முட்டியைப் பார்க்காமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.